முழியன் கேட்டால்

அந்த வக்கீல் பெண் வந்து அழைப்பு மணியை அழுத்தும்வரை, தன் குரல் எங்கே போய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது தமயந்திக்குத் தெரியாது.

அவளுக்கு எழுபத்துநான்கு வயது. அயனாவரத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். தெருவில் ஒருவரும் அவளை அடையாளம் கண்டதில்லை. ஐந்து வருடம், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல், தமிழ்நாட்டுக் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்த்தது அவள் முகத்தை அல்ல. மேஜைக்கு அடியில் முதுகை வளைத்து உட்கார்ந்துகொண்டு அவள் உயர்த்திப் பிடித்த ஆந்தையைத்தான் பார்த்தார்கள். கிழிந்துபோன பழுப்பு ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்து அவளே தைத்த கைப்பொம்மை அது. கண்களுக்கு இரண்டு டார்ச் லைட் கண்ணாடி. பெயர் முழியன். 'பொந்து வீடு' என்ற அந்த நிகழ்ச்சி எண்பத்தைந்தில் ஆரம்பித்துத் தொண்ணூறில் நின்றது. அப்போதெல்லாம் ஒரே சேனல். பல ஊர்களில் ஒரே டிவி. பஞ்சாயத்து அலுவலக வாசலில் நூறு குழந்தைகள் மண்ணில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ரகோத்தமன் என்பவர் அவளைத் தேடி வந்தார். 'செவிமடல்' என்ற கம்பெனி. நாற்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசாத மனிதர். முழியனின் பழைய ஒளிநாடாக்கள் அத்தனையையும் எங்கிருந்தோ தேடிப்பிடித்து வைத்திருந்தார்.

"மேடம், ஏழு வயசுக்குள்ள ஒரு குழந்தை திரும்பத் திரும்பக் கேக்கற குரல் இருக்கில்ல, அது மூளையில ஒரு தடம் போட்டுடும். சந்தேகப்படவே தெரியாத வயசுல விழற தடம். அந்தக் குரலைத் திரும்பக் கேட்டா, ஐம்பது வயசு ஆளுக்கும் சந்தேகப்படற இடம் கொஞ்ச நேரம் தூங்கிப்போயிடுது."

"அம்மா குரல் மாதிரியா?"

"அம்மா திட்டுவாங்க, அடிப்பாங்க, பொய்யும் சொல்வாங்க. அம்மாகிட்டகூடப் பிள்ளைங்களுக்கு ஒரு ஜாக்கிரதை இருக்கும். முழியன் யாரையும் அடிச்சதில்லையே."

மனசுக்குள் எதையாவது பூட்டி வைத்துக்கொண்டு வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறவர்களுக்கு இது மருந்து மாதிரி என்றார். தங்கள் அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் காட்டவும் செய்தார். அங்கே கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருத்தி பழைய நாடாக்களின் குரலில் தானாகவே பேசும் புது முழியன் பொம்மை முன்னால் உட்கார்ந்தாள். பொம்மை தலையைச் சாய்த்து, "என்ன கண்ணு, முகம் வாடியிருக்கு?" என்று கேட்டதுதான் தாமதம், கிணற்றில் விழுந்து செத்த தன் தம்பியைப் பற்றி அவள் அழுதுகொண்டே சொல்ல ஆரம்பித்தாள். நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாததாம். எழுந்து போகும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. தமயந்திக்கும் கண் கலங்கிவிட்டது. தன் இருபத்துமூன்று வயதுக் குரல், தான் செத்த பிறகும் யாருக்காவது உதவும் என்று நினைத்துக்கொண்டே, குரலை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் பெண்ணின் பெயர் அஸ்மா. முப்பத்தெட்டு வயது. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் கைப்பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து வைத்தாள்.

"பனையடிக்குப்பம் கேஸ் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க மேடம்."

தமயந்தி கேள்விப்பட்டிருந்தாள். கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். பக்கத்தில் இருந்த ரசாயனத் தொழிற்சாலையின் தொட்டியிலிருந்து ஒரு விடியற்காலையில் அம்மோனியா கசிந்தது. பதினொரு பேர் செத்தார்கள்.

"அன்னிக்கு ஷிப்ட்ல இருந்த ஆபரேட்டர் மாசிலாமணி. வால்வை மூடாமப் போனது நான்தான்னு ஒப்புக்கிட்டாரு. அதனால ஃபேக்டரி மேல தப்பில்ல, ஒரு ஆளோட கவனக்குறைவுன்னு ஆயிடுச்சு. நான் அவரோட வக்கீல். அவர் ஒப்புக்கிட்டது போலீஸ்கிட்ட இல்ல மேடம். முழியன்கிட்ட."

"முழியனை எப்படிப் போலீஸ்..."

"விசாரணைக்கு உதவற கருவின்னு அனுமதி வாங்கியிருக்காங்க. போன வருஷத்துல இருந்து. உங்ககிட்ட சொல்லலையா?"

தமயந்தி காகிதத்தை எடுத்துப் படித்தாள்.

முழியன்: வால்வை மூடினியா கண்ணு?

மாசிலாமணி: மூடினேன்.

முழியன்: என் கண்ணைப் பாத்துச் சொல்லு.

மாசிலாமணி: மூடினேன். மூடினேன்னுதான் நினைக்கறேன்.

முழியன்: நல்லா யோசிச்சுப் பாரு. அவசரமே இல்ல. நான் எங்கேயும் போகமாட்டேன்.

இப்படியே நாற்பது நிமிடம். பத்தாவது பக்கத்தில் மாசிலாமணி அழுகிறார். பன்னிரண்டாவது பக்கத்தில், "நான்தான். நான்தான் மூடல" என்கிறார். "சமத்து" என்கிறது முழியன்.

தமயந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இது பிஸ்கட்" என்றாள்.

"என்ன மேடம்?"

"நிகழ்ச்சியில ஒரு விளையாட்டு வெச்சிருந்தோம். எட்டுக் குழந்தைங்களை மேடையில உட்கார வெப்போம். முழியனோட பிஸ்கட் காணாமப் போயிடும். எடுத்தது சுண்டுன்னு ஒரு அணில் பொம்மை. அது வீட்டுல டிவி பாக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். முழியன் ஒவ்வொரு குழந்தையா கேக்கும். நீயா எடுத்தே? என் கண்ணைப் பாத்துச் சொல்லு. நல்லா யோசிச்சுப் பாரு. அவசரமே இல்ல. இதே வார்த்தை."

"குழந்தைங்க என்ன சொல்வாங்க?"

"முதல்ல எல்லாம் இல்லன்னுதான் சொல்லும். ரெண்டு மூணு தடவை கேட்டா, ஒண்ணொண்ணா 'நான்தான்'னு சொல்ல ஆரம்பிச்சுடும். எட்டும் சொல்லும். எந்தப் பாக்கெட்ல ஒளிச்சு வெச்சேன், எப்படித் தின்னேன்னுகூடச் சொல்லும். ஊரே சிரிக்கும். அதுதான் எங்க நிகழ்ச்சியிலயே பேர்போன பகுதி."

அஸ்மா குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"கோவில்பட்டியில இருந்து ஒரு அம்மா லெட்டர் போட்டாங்க" என்றாள் தமயந்தி. இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அவங்க பொண்ணு பத்மினி, ஆறு வயசு. மேடையில உட்கார்ந்துட்டுப் போனவ. ஊருக்குப் போனதுல இருந்து நான் திருடி, நான் திருடின்னு சொல்லிக்கிட்டே இருக்காளாம். யார் வீட்டுக்குப் போனாலும் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கறாளாம். சும்மா விளையாட்டுன்னு முழியனே ஒரு வரி எழுதிப்போட்டா நம்புவான்னு கேட்டிருந்தாங்க. தயாரிப்பாளர்கிட்ட காட்டினேன். குழந்தைங்க மறந்துடும்னு சிரிச்சாரு. நானும் ஃபைல்ல வெச்சுட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அந்த விளையாட்டை நடத்தினோம்."

"பதில் போடலையா?"

"போடல."

அஸ்மா காகிதங்களை அடுக்கினாள். "கோர்ட்டுல வந்து இதைச் சொல்வீங்களா மேடம்?"

"சொல்றேன். ஆனா சொன்னா நம்பமாட்டாங்க. காட்டணும்."

நீதிபதி நாற்பதைத் தாண்டாதவர். முழியனைப் பார்த்து வளராதவர். அதனால்தானோ என்னவோ, முழியன் கருவியை நீதிமன்றத்துக்கே கொண்டுவரச் சொல்லி உத்தரவிட்டார். தமயந்தி ஒலிவாங்கியில் கேட்பதை அது முழியனின் குரலில் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. கருவியை மேஜைமேல் வைத்து அதன் கண்களில் விளக்கை ஏற்றியபோது, ஐம்பத்தேழு வயதான அரசு வக்கீல், கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றவர், தன்னை அறியாமல் அதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டதைத் தமயந்தி பார்த்தாள்.

மாசிலாமணியைக் கூண்டில் ஏற்றினார்கள். ஒல்லியான மனிதர். நரைத்த மீசை. காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். முழியனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததுதான் தமயந்தியைக் கலக்கியது. தன்னைச் சிறையில் தள்ளிய பொம்மையைப் பார்த்து அந்த மனிதர் சிரித்தார்.

"வால்வை மூடினே இல்ல கண்ணு?" என்று தமயந்தி கேட்டாள். கரகரத்த அவள் குரல் போய், இளமையான முழியனின் குரல் வந்தது.

மாசிலாமணி யோசித்தார். "மூடினேனா?"

"மூடினே. என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

"ஆமா. மூடினேன்."

அரசு வக்கீல் எழுந்து, சாட்சி கட்சிக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று ஆட்சேபித்தார். "அதைத்தான் காட்டறேன் ஐயா" என்றாள் தமயந்தி. நீதிபதி தொடரச் சொன்னார்.

"கண்ணு, எண்பத்தாறுல என் பிஸ்கட்டை எடுத்தது நீதானே?"

மாசிலாமணி அந்த மேடைக்கு வந்ததே இல்லை. வியாசர்பாடியில் ஒரு டீக்கடை வாசலில் நின்று நிகழ்ச்சியைப் பார்த்தவர். அதை அஸ்மா முன்பே பதிவு செய்திருந்தாள்.

"இல்ல" என்றார்.

"நல்லா யோசிச்சுப் பாரு. அவசரமே இல்ல."

தமயந்தி இன்னும் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை அந்த ஐம்பத்துநாலு வயது மனிதரின் உதடு கோணியது.

"நான்தான் எடுத்தேன்" என்றார். "க்ரீம் பிஸ்கட். ரோஸ் கலர் க்ரீம். டவுசர் பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன். பாதி உடைஞ்சுபோச்சு. தங்கச்சிக்குக்கூடக் குடுக்காம நானே தின்னுட்டேன். மன்னிச்சுக்கோ முழியா."

கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். நீதிபதி கருவியை அணைக்கச் சொன்னார். "அணைக்காதீங்க ஐயா" என்று மாசிலாமணி கெஞ்சினார். "இன்னும் சமத்துன்னு சொல்லலையே."

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. மாசிலாமணியின் ஒப்புதல் செல்லாது. இந்தக் கருவியைக் கொண்டு யாரையும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது இனி சட்டவிரோதம். அஸ்மா தமயந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நீதிமன்ற வாசலில் வேப்பமரத்தடியில் மாசிலாமணி தனியாக நின்றிருந்தார்.

"வீட்டுக்குப் போங்க அண்ணே, எல்லாம் முடிஞ்சுது" என்றாள் அஸ்மா.

"கோர்ட் விட்டுடுச்சு மேடம். ஆனா நான் மூடாம விட்டது எனக்கு ஞாபகம் இருக்கே."

அஸ்மா பையிலிருந்து தொழிற்சாலைப் பதிவேட்டின் நகலை எடுத்துக் காட்டினாள். 'வால்வு இறுகியுள்ளது, மாற்றவும்' என்று மாசிலாமணியின் கையெழுத்திலேயே இரண்டு இடத்தில் இருந்தது. கசிவுக்கு ஒரு மாதம் முன்னால் எழுதியது. "நீங்க எச்சரிச்சிருக்கீங்க. அவங்கதான் மாத்தல. மூடினாலும் அது மூடியிருக்காது. பாருங்க."

அவர் பார்த்தார். விரலால் தன் கையெழுத்தைத் தடவினார்.

"இதை எழுதினது ஞாபகம் இல்ல மேடம். மூடாம விட்டதுதான் ஞாபகம் இருக்கு. சில்லுனு அந்த இரும்பு கையில பட்டதுகூட ஞாபகம் இருக்கு. பதினொரு பேரு." பிறகு தமயந்தியைப் பார்த்து, நீதிமன்றத்தில் பொம்மையைத் தவிர எதையும் கவனித்திராததால் அவள் யாரென்று தெரியாமலே, "அந்த முழியனை எங்க வெச்சிருக்காங்கன்னு தெரியுமாம்மா? ஒரே ஒரு தடவை பேசணும்" என்று கேட்டார்.

தமயந்தி ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து அஸ்மா போன் செய்தாள். தொழிற்சாலைமீது குப்பத்து ஜனங்கள் போட்டிருந்த வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. அறுபத்துமூன்று பேர் புகார் கொடுத்திருந்தார்கள். அதில் நாற்பத்தொரு பேர் ஒரே வாரத்தில் வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

"மிரட்டினாங்களா?"

"இல்ல மேடம். அதான் எனக்குப் பயமா இருக்கு. வாபஸ் வாங்கினவங்க எல்லாருக்கும் வயசு ஐம்பதுக்கு மேல, அறுபதுக்குள்ள. குப்பத்துல ஆறுதல் மையம்னு ஒண்ணு திறந்திருக்காங்க. உள்ள யார் உட்கார்ந்திருக்கான்னு நான் சொல்லணுமா?"

தமயந்தி ரகோத்தமனைக் கூப்பிட்டாள். அவர் கோபமே இல்லாமல் பேசினார்.

"தீர்ப்புல என்ன இருக்கு மேடம்? குற்றத்தை ஒப்புக்க வைக்கக் கூடாது. நாங்க யாரையும் எதையும் ஒப்புக்கச் சொல்லலையே. துக்கத்துல இருக்கறவங்களுக்கு ஆறுதல் சொல்றோம்."

"ஆறுதல் கேக்கப் போனவங்க எப்படி மனுவை வாபஸ் வாங்கறாங்க?"

"உங்ககிட்ட மறைக்க விரும்பல மேடம். மனசுக்குள்ள இருக்கற உண்மையை வெளிய எடுக்கற கருவின்னுதான் நாங்களே நினைச்சுக்கிட்டிருந்தோம். உள்ள வைக்கவும் முடியும்னு எங்களுக்குத் தெரியாது. அந்த பிஸ்கட்டை வெச்சு நீங்கதான் காட்டினீங்க."

"என் குரலைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள் தமயந்தி.

"அது இப்ப உங்க குரல் இல்லையே மேடம்" என்றார் ரகோத்தமன் மரியாதையாக.

பனையடிக்குப்பத்துக்கு அஸ்மாவின் காரில் போனார்கள். கடற்கரையில் படகுகள் ஏறிக் கிடந்தன. தொழிற்சாலையின் புகைபோக்கி வீடுகளுக்குப் பின்னால் உயர்ந்து நின்றது. முதலில் போனது செவ்வந்தி வீட்டுக்கு. ஐம்பத்துமூன்று வயது. அவள் மகள் தர்ஷினி, பத்தொன்பது வயதுப் பெண், அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. தொழிற்சாலைமீது முதல் புகார் கொடுத்தவளும் செவ்வந்திதான். வாபஸ் வாங்கியவர்களிலும் அவளே முதல்.

"எம் பொண்ணுக்குச் சின்ன வயசுலேருந்தே மூச்சிரைப்புங்க" என்றாள், பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி. "அதுதான் போயிட்டா. கம்பெனிக்காரங்க என்ன பண்ணுவாங்க?"

அஸ்மா அவளுடைய பழைய வாக்குமூலத்தை எடுத்து வாசித்தாள். "'விடியக்காலைல மீன் ஏலத்துக்குப் போயிருந்தேன். மூக்கைப் பொசுக்கற வாடை வந்துச்சு. வீட்டுக்கு ஓடியாந்தேன். எம் பொண்ணு வாசப்படியில கிடந்துச்சு.' இது நீங்க சொன்னதுதானே அக்கா?"

"நான் சொன்னதுதான். ஆனா வாடை ஒண்ணும் வரலன்னுதான் இப்ப ஞாபகம் வருது."

"எப்பேர்ந்து?"

"முழியன் கேட்டதுலேருந்து."

தமயந்தி சுவரைப் பார்த்தாள். மாலை போட்ட படத்தில் தர்ஷினி கபடிச் சீருடையில், கையில் கோப்பையோடு நின்றிருந்தாள். கணுக்காலில் கட்டு. வாயெல்லாம் சிரிப்பு.

"ஏம்மா, மூச்சிரைக்கிற பொண்ணு மூச்சடக்கிக் கபடி ஆடுமா?"

செவ்வந்தி திரும்பிப் படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அதாங்க எனக்கும் புரியல" என்றாள் மெதுவாக.

தமயந்தியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "செவ்வந்தி, அந்த முழியன் நான்தாம்மா. அந்தப் பொம்மையைத் தெச்சதும் நான். பேசினதும் நான். இப்ப உள்ள உட்கார்ந்து பேசறது மெஷின். அது சொல்றதை நம்பாதே." வலது கையைத் தூக்கி, விரல்களை அலகாகக் குவித்து, பழைய மாதிரி பேசிக் காட்டினாள். "என்ன கண்ணு, முகம் வாடியிருக்கு?" குரல் பாதியில் உடைந்து இருமலாகிவிட்டது.

செவ்வந்தி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பார்வையில் கோபமோ சந்தேகமோ இல்லை. வயதாகிப் புத்தி பிசகிய ஒருத்தியைப் பார்க்கிற இரக்கம்தான் இருந்தது. "வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள். "நீங்களும் ஒரு தடவ வந்து முழியன்கிட்ட பேசுங்கம்மா. நானே கூட்டிட்டுப் போறேன்."

"போகலாம்" என்றாள் தமயந்தி.

புயல் பாதுகாப்புக் கட்டடத்தைத்தான் ஆறுதல் மையமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே ஏசி ஜில்லென்று இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எண்ணெய் வைத்துத் தலைவாரிக்கொண்டு வந்திருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்த ஒரு பெண் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். "எங்க சொந்தக்காரங்க, அன்னிக்கு எங்க வூட்லதான் இருந்தாங்க" என்று செவ்வந்தியே தமயந்திக்காகச் சொன்னாள். வயதானவர் என்பதால் வரிசையில் நிற்காமலே போகலாம், துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம் என்றாள் அந்தப் பெண். அஸ்மா வாசலிலேயே நிறுத்தப்பட்டாள்.

பொம்மையைப் பிய்த்து எறிந்துவிட வேண்டும் என்றுதான் தமயந்தி நினைத்திருந்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவளுடைய ஸ்வெட்டரின் பழுப்பு நிறத்தை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். தலையை இடப்பக்கம் சாய்த்தது. அவள் கண்டுபிடித்த சாய்ப்பு.

"வா கண்ணு, உட்காரு" என்றது.

மடியில் கிடந்த அவள் வலது கை திறந்து மூடியது. அவள் செய்யவில்லை, அதுவாகவே செய்தது. பொம்மை பேசப் பேச, ஒவ்வொரு அசைக்கும் விரல்கள் அலகாகி அசைந்தன. நிறுத்திப் பார்த்தாள். முடியவில்லை. செவ்வந்தி அந்தக் கையைக் கவனித்துவிட்டுத் தன் கையால் பொத்திக்கொண்டாள். தமயந்தி பயந்து நடுங்குகிறாள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். காதருகே குனிந்து மிகத் தணிந்த குரலில் சொன்னாள்:

"என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுங்கம்மா. சீக்கிரம் விட்டுடும்."

தமயந்தி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். செவ்வந்தி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலைல வாடை ஒண்ணும் வரலதானே கண்ணு?" என்று முழியன் கேட்டது.

"வந்துச்சு" என்றாள் தமயந்தி.

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

"வந்துச்சு."

"நல்லா யோசிச்சுப் பாரு. அவசரமே இல்ல."

"வந்துச்சு."

அவள் அந்தப் பொம்மையைப் பார்த்து வளர்ந்தவள் அல்ல. அவளுக்குள் தடம் எதுவும் கிடையாது. ஆமாம் என்ற பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வராவிட்டால் என்ன செய்வது என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முழியன் கேட்டது. தமயந்தி மறுத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. அட்டை போட்ட பெண் எட்டிப் பார்த்தாள். "ஆமான்னு சொன்னாத்தான்மா அது முடிக்கும். வெளிய ஆளுங்க காத்திருக்காங்க." தமயந்தி அசையவில்லை. அந்தப் பெண் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, போனைத் தமயந்தியிடம் நீட்டினாள்.

"மேடம்" என்றார் ரகோத்தமன். "நாளைக்கு உங்களை உள்ள விடமாட்டாங்க. இன்னிக்கு ஒரு நாள் உட்கார்ந்து என்ன ஆகப்போகுது? ஆமான்னு சொல்லிட்டு எழுந்திருங்க. உடம்புக்கு ஆகாது."

அவள் போனை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு அவள் தொண்டை கட்டியது. நான்கு மணிக்கு வெறும் காற்றுதான் வந்தது. முழியனின் குரலோ முதல் கேள்வியில் இருந்த அதே இனிமையோடு இருந்தது. அதற்குத் தாகம் இல்லை, இடுப்பு வலி இல்லை. வரிசையில் இருந்தவர்கள் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக எழுந்து வந்து கதவோரம் நின்றார்கள். அட்டை போட்ட பெண் அவர்களை உட்காரச் சொன்னாள். யாரும் உட்காரவில்லை.

"அன்னிக்குக் காலைல வாடை ஒண்ணும் வரலதானே கண்ணு?"

தமயந்தி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுப்பாகத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"காதுல விழலையே கண்ணு. இன்னொரு தடவ சொல்லு."

மறுபடி முயன்றாள். உதடு அசைந்தது. ஒலி எழவில்லை. கண்ணில் நீர் கோத்தது.

"காதுல விழலையே கண்ணு."

பொத்தியிருந்த கை இறுகியதைத் தமயந்தி உணர்ந்தாள். செவ்வந்தி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தாள். பெட்டிக்குள் பொம்மை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

"யாரு கண்ணு அது?"

செவ்வந்தி அதன் கண்ணைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இவங்க அன்னிக்கு இங்க இல்ல" என்றாள். "நான் இருந்தேன். தர்ஷினி அம்மா." மூச்சு வாங்கினாள். கதவோரம் நின்றவர்களில் யாரோ விசும்பினார்கள்.

"வந்துச்சு" என்றாள்.